புளியங்கூடலில் ஒரு பனைமர மண்டபம்: எத்தனை மரம் வேண்டும், யார் நடுவது?

தீவகத்தில் ஒரு பாடசாலைக்கு ஒன்றுகூடல் மண்டபம் என்றவுடன் நம்மில் பலருக்கு மனதில் வருவது ஒரே படம்தான். கொங்கிறீற் தூண்கள், இரும்புக் கேடர், மேலே தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ், முன்னால் மேடை, வாசலில் நிதி தந்தவர்களின் பெயர் பொறித்த கல். கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் வருடக்கணக்காகச் சேர்த்து அனுப்பிய காசு அது. அவர்களின் அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் படம் தீவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புளியங்கூடலை எடுத்துக்கொள்வோம். வேலணைத் தீவில் சரவணை, நாரந்தனை, சுருவில் ஆகியவற்றின் அயலில் இருக்கும் ஊர். 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியில் தொடங்கிய படை நடவடிக்கையோடு இந்தப் பக்கத்துச் சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் அதற்கு அப்பாலும் சிதறியது. திரும்பி வந்தவர்கள் போனவர்களில் ஒரு பகுதிதான். ஆகவே இங்கே கட்டப்படும் எந்தப் பொதுக் கட்டடமும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது இருக்கும் பிள்ளைகளின் தொகைக்கு அது அளவானதா? பழுதானால், வெளிநாட்டுக்கு இன்னொரு தடவை கடிதம் எழுதாமல் ஊராலேயே திருத்த முடியுமா?

அங்கே மரமண்டபம் கட்டப்படுகிறது என்ற செய்தி அல்ல இது. நூற்றைம்பது பிள்ளைகள் கூடக்கூடிய ஒரு மண்டபத்தை இந்த ஊரில் மரத்தால், அதுவும் நிலைபேறான முறையில் கட்டுவதென்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று கணக்கோடு எழுதிப் பார்க்கும் முயற்சி.

முதலில் கொங்கிறீற்றைப் பார்ப்போம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் மேலே உள்ள கொங்கிறீற் வெடித்துப் பாளம் பாளமாக விழும். கலவைக்குச் சரியாகக் கழுவாத கடல்மணலைப் போட்டால் வெளியில் இருந்து உப்பு வரத் தேவையே இல்லை, கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டியாகிவிட்டது. தகரத்துக்கும் கேடருக்கும் இதே கதைதான். நல்ல கலவை, கம்பிக்கு மேல் போதிய கனம், நல்ல மேற்பார்வை இருந்தால் கொங்கிறீற் தீவிலும் நிற்கும். மேற்பார்வைதான் கிடைப்பதில்லை.

அடுத்தது மணல். தீவின் நன்னீர் நிலத்தடியில் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. மழைநீரைப் பிடித்து அந்த வில்லைக்குள் இறக்குவது மணல் நிலம். சாட்டிக் கிணறுகளின் தண்ணீர் மற்ற ஊர்களுக்கும் போவதற்குக் காரணம் அந்தப் பக்கத்து மணல்தான். மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் மணல் அள்ளுவதைப் பற்றி நாம் படிக்கும் செய்திகள் எல்லாம் உண்மையில் தண்ணீரைப் பற்றிய செய்திகள். சீமெந்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு வீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது. நமக்கோ அது இன்னொரு நினைவையும் கொண்டுவரும். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரால் மூடப்பட்டது. சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன.

அப்படியானால் மரம். ஆனால் எந்த மரம்? மரம் என்றாலே பசுமை என்று நினைப்பது தவறு. முதிரையும் பாலையும் வன்னிக் காட்டில் இருந்து வரும். தீவில் ஒரு பசுமை மண்டபம் கட்டுவதற்காக வன்னியில் காட்டை வெட்டினால் அழிவு லொறியில் ஏறி இடம் மாறியது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் மரப்பலகைகளைப் பசையால் ஒட்டிப் பெரிய வளைவுகள் செய்கிறார்கள். நம் உறவுகளின் பிள்ளைகள் படிக்கும் சில பாடசாலைகளில் அப்படியான விளையாட்டு மண்டபங்களைக் காணலாம். அழகானவைதான். ஆனால் அதைக் கப்பலில் இறக்கினால், பிறகு ஒரு வளைவு பழுதானால் அதற்கும் கப்பல்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில் வடக்கு, கிழக்குக்கு வரவிருந்த இரும்பு வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். போரால் வீடிழந்தவர்களுக்கு 65,000 முன்தயாரிப்பு இரும்பு வீடுகள் கட்ட ஆர்செலர் மித்தல் நிறுவனத்தோடு அரசாங்கம் திட்டம் போட்டது. 2016 இல் அதைப் பற்றி எழுந்த விவாதம் பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்று பேசப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம். விலை மட்டும் எதிர்ப்புக்குக் காரணம் அல்ல. வெக்கை, துரு, ஒரு அறையைக் கூட்டிக் கட்ட முடியாமை, ஊர் மேசனுக்கும் தச்சருக்கும் வேலை இல்லாமை என்று பொறியியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரு பாடசாலை மண்டபத்துக்கும் அப்படியே பொருந்தும். அந்தத் திட்டம் சொல்லப்பட்ட அளவில் நடக்கவில்லை. அதில் கேட்ட கேள்விகளை நாங்களே கட்டும்போதும் கேட்க வேண்டும்.

தீவில் இருக்கும் மரம் பனை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் பெரிய ஏற்றுமதிப் பொருள், ஊர்காவற்றுறை அதற்குப் பக்கத்துத் துறைமுகம். கொழும்பிலும் கடலுக்கு அப்பாலும் பல கூரைகள் இங்கிருந்து போன மரத்தில் நின்றன. நம் பழைய நாற்சார் வீடுகளின் வளையும் தீராந்தியும் கைமரமும் சலாகையும் பனைதான். நூறு வயது தாண்டிய கூரைகள் இப்போதும் இருக்கின்றன. ஓடு மாற்றியிருப்பார்கள், மரம் மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நம் தலைமுறைக்குத் தறித்த பனை என்றால் வேறொன்றுதான் முதலில் ஞாபகம் வரும். பங்கர். குற்றிகளை அடுக்கி மேலே மண்மூட்டை போட்ட கூரையின் கீழ் இருந்த பிள்ளைகள்தான் இன்று முப்பதும் நாற்பதும் தாண்டியவர்கள். காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இலட்சக்கணக்கில் பனைகள் போயின. அவற்றை எல்லாத் தரப்பும் தறித்தது. செல் விழுந்து தலை போன பனை திரும்பத் துளிர்க்காது. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான், அது போனால் மரம் நின்றபடியே செத்துவிடும். அதனால் ‘பனையில் மண்டபம் கட்டுவோம்’ என்று சொன்னவுடன், இருக்கிற மிச்சத்தையும் தறிக்கப் போகிறீர்களா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாத வடிவமைப்பை நான் ஆதரிக்க மாட்டேன்.

பதிலுக்குப் போகுமுன் பனையின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பலாவிலும் தேக்கிலும் வைரம் நடுவில் இருக்கும். பனையில் தலைகீழ். வெளிவட்டம்தான் கறுப்பு நார்கள் நெருங்கிய வைரம். நடுவில் இருப்பது சோற்றி, அதற்குப் பலம் இல்லை. அடிமரம் கடினம், மேலே போகப் போக இளகும். கிளை இல்லாத மரம் என்பதால் கணு இல்லை. நேரான நீளமான கைமரத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் பெரிய சதுரச் சட்டம் அரிந்து எடுக்க முடியாது, வெளிவட்டத்தின் கனம்தான் எல்லை. இளமரத்தில் வைரம் ஏறியிருக்காது. கூரைக்கு உதவும் மரத்துக்கு அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆணியை நேரே அடித்தால் நார் பிளக்கும், துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். பழைய தச்சர்கள் மரத்தைக் கடல்நீரில் ஊறவிட்டு எடுத்ததும் உண்டு. அப்படி ஊறிய மரத்தில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். மரமுளை பாவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வடிவம் தானாகவே வருகிறது. இருபத்தைந்து, முப்பது அடி அகலத்தை நடுவில் தூண் இல்லாமல் ஒரே தாவில் தாண்டுவது இரும்பின் வேலை. பனையை அதற்கு வற்புறுத்தக் கூடாது. நடுவில் 18 அடி அகலமான கூடம், இரண்டு பக்கமும் 7 அடி விறாந்தை, நீளம் 60 அடி என்று பிரித்தால் எந்தக் கைமரமும் பன்னிரண்டு அடியைத் தாண்ட வேண்டியதில்லை. நம் கோயில் மண்டபங்களில் நடுவே அகலமாகவும் இரு பக்கமும் ஒடுக்கமாகவும் தூண் வரிசைகள் நிற்பதும் இதே தர்க்கம்தான். மேடைக்கு 12 அடியை ஒதுக்கினால் நடுக்கூடத்தில் 48 அடிக்கு 18 அடி, அதாவது 864 சதுர அடி மிஞ்சும். நிலத்தில் இருக்கும் பிள்ளைக்கு 5 சதுர அடி என்றால் நூற்றைம்பது பேருக்கு 750. பெற்றோர் விறாந்தையில் இருக்கலாம். ஆயிரம் பேருக்கு மண்டபம் கட்டிவிட்டு நூறு பிள்ளைகளை அதில் எதிரொலியோடு விடுவதைவிட இது நல்லது.

நடுக்கூரையும் விறாந்தைக் கூரையும் ஒரே தொடர்ச்சியாக இருக்கக் கூடாது. விறாந்தைக் கூரை அரை அடி, ஒரு அடி கீழே தொடங்க வேண்டும், நடுக்கூரை அதன்மேல் ஒரு அடி நீண்டு கவிய வேண்டும். அந்த இடைவெளியால் மேலே சேரும் வெக்கை வெளியேறும், மழை உள்ளே வராது. புயலில் விறாந்தை போனாலும் அது நடுக்கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

சுவர் அரைச்சுவராக இருக்கட்டும். வைகாசியில் இருந்து புரட்டாதிவரை வீசும் சோளகம் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வேண்டும். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் பலகைக் கதவுகள் போதும். ஓட்டுக் கூரையின் கீழ் மழை பெய்தாலும் அதிபர் பேசுவது கேட்கும். தகரத்தின் கீழ் மழைநாளில் கூட்டம் வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி மரக்கணக்கு. கூரை இரு தலைப்பிலும் இரண்டடி நீண்டால் மொத்த நீளம் 64 அடி. இரண்டடிக்கு ஒரு கைமரம் என்றால் பக்கத்துக்கு 33, மொத்தம் 66 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பதினொன்றரை அடியில் ஒன்று, பத்தரை அடியில் ஒன்று, ஏறத்தாழ 22 அடி மரம். குறைத்தே மதிப்பிட்டு ஒரு முற்றிய பனையில் மூன்று வரிசைக்கான மரம் எடுக்கலாம் என்று வைத்தால் 22 பனை. உள்வரிசைத் தூண்கள் பத்தடிக்கு ஒன்றாக 14. அவற்றுக்கு அடிமரமே வேண்டும் என்பதால் 14 பனை. முகட்டு வளை, நான்கு பக்கவளைகள், ஏழு தீராந்திகள் எல்லாம் சேர்ந்து 446 அடி, அதற்கு 8 பனை. மொத்தம் 44. சலாகையின் பெரும்பகுதி மிச்சத் துண்டுகளில் இருந்து வரும். வெளித்தூண்களைச் சுண்ணாம்புக்கல்லில் கட்டலாம். இது ஒரு முதற்கணக்கு. பொறியியலாளர் ஒருவர் பார்த்தபின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். ஆனால் பேச்சு நூற்றுக்கணக்கான மரங்களைப் பற்றியது அல்ல என்பது தெரிகிறது.

இந்த 44 மரமும் காய்க்கும் பனைகளாக இருக்க வேண்டியதில்லை. வீதி அகலிப்புக்கும் மின்கம்பிப் பாதைக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் அனுமதியோடு தறிக்கும் மரங்கள், புயலில் சாய்ந்தவை, முதிர்ந்து காய்ப்பு ஓய்ந்தவை என ஊரில் ஆண்டுதோறும் சில பனைகள் விழுகின்றன. பல விறகாகவோ வேலிக் கட்டையாகவோ முடிகின்றன. இரண்டு, மூன்று வருடம் அவற்றைச் சேர்த்துப் பிளந்து, நிழலில் அடுக்கிக் காயவிட்டால் மரம் தயாராகவும் இருக்கும், நன்றாகக் காய்ந்தும் இருக்கும். திறப்பு விழாத் திகதியை முதலில் குறித்துவிட்டு மரம் தேடினால் இது நடக்காது.

சேர்க்கும் மரங்களில் ஒரு கவனம் வேண்டும். அடிமரத்தில் சன்னமோ செல் துண்டோ வாங்கியும் உயிரோடு நிற்கும் பனைகள் நம்மிடம் உண்டு. வாளில் அது பட்டால் வாளும் போகும், அரிபவரின் கையும் போகலாம். முதலாம் உலகப் போர் நடந்த பிரான்சின் காட்டு மரங்களில் இந்தச் சிக்கல் பல தசாப்தங்கள் நீடித்தது. உலோகம் காட்டும் கருவியால் ஒவ்வொரு குற்றியையும் பார்த்த பிறகே அரிய வேண்டும்.

மரம் என்றவுடன் வரும் பயம் நெருப்பு. 2004 ஜூலை 16 இல் கும்பகோணத்துப் பாடசாலைத் தீயில் 94 பிள்ளைகள் இறந்ததை யாரும் மறந்துவிட முடியாது. அங்கே பற்றி விழுந்தது கீற்றுக் கூரை. வெளியேற வழியும் போதவில்லை. ஆகவே பாடசாலையில் கிடுகும் பனையோலையும் கூரையாக வேண்டாம், எவ்வளவு குளிர்ச்சி என்றாலும். ஓடு போடுங்கள். கனமான மரச்சட்டம் மேற்பக்கம் கரியாகி மெதுவாகத்தான் எரியும். நான்கு பக்கமும் திறந்த மண்டபத்தில் இருந்து பிள்ளைகள் ஓடி வெளியேறலாம். சமையலறையை மண்டபத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள்.

கறையானுக்கு மருந்தைவிட முக்கியம் தூணின் கால். மரம் மண்ணைத் தொடவே கூடாது. ஒன்றரை அடிக் கல்பீடத்தின் மேல் நிற்க வேண்டும், கறையான் ஏறினால் அதன் மண்பாதை கண்ணில் பட வேண்டும். கூரைக்குள் மழைபடாத மரத்துக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் போதும். கழிவு ஒயில் பூசும் பழக்கம் பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் வேண்டாம். புயலுக்குச் சரிவு 30 பாகை அளவில் இருப்பது நல்லது. ஒவ்வொரு கைமரமும் வளையோடும், வளை தூணோடும், தூண் பீடத்தோடும் துருப்பிடிக்காத பட்டியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பரில் வந்த புரெவியும் நமக்குத் தெரிந்தவை. காற்று கூரையை மேலே இழுக்கும். ஓட்டின் பாரம் மட்டும் அதைப் பிடித்து வைக்காது.

மரத்தால் பெரிய மண்டபம் கட்டுவது இந்தத் தீவுக்குப் புதிது அல்ல. கண்டி அரண்மனையின் ராஜசபை மண்டபம் 1783 இல் இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய மரவேலை. 1815 உடன்படிக்கை கையெழுத்தானது அதற்குள்தான். எம்பக்கே தேவாலயத்தில் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே மரப்பூட்டில் வந்து சேர்கின்றன. இந்த இரண்டும் காடும் அரசனும் இருந்த இடங்கள் என்று சொல்லலாம். அப்படியானால் 2005 இல் வங்கதேசத்தின் ருத்ராபூர் கிராமத்தில் அன்னா ஹெரிங்கரும் ஐக்கே ரொஸ்வாக்கும் ஊராரோடு சேர்ந்து மண்ணாலும் மூங்கிலாலும் கட்டிய பாடசாலையைப் பாருங்கள். 2007 இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அங்கே வேலை கற்ற ஊர் ஆட்களிடம் அந்த அறிவு தங்கியது. சுனாமிக்குப் பிறகு கிரிந்தவில் ஷிகெரு பான் வடிவமைத்த வீடுகளில் மரவேலைக்குப் பால் வற்றிய றப்பர் மரம் பாவிக்கப்பட்டது. காய்ப்பு ஓய்ந்த பனையைப் பற்றி யோசிக்க நமக்கு அது ஒரு நல்ல முன்மாதிரி.

நடைமுறையில் இரண்டு தடைகள் வரும். பனை தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். பாடசாலை வளவில் எதைக் கட்டுவதற்கும் தீவக வலயக் கல்விப் பணிமனை ஊடாக அங்கீகரித்த வரைபடம் வேண்டும். வழமையான வரைபடங்கள் கொங்கிறீற்றுக்கும் இரும்புக்கும் எழுதப்பட்டவை. பனையின் பலத்துக்கு எண் கேட்பார்கள், கேட்பது சரி. சேர்த்த மரத்திலிருந்து துண்டுகளை எடுத்துக் கிளிநொச்சியில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சோதித்துத் தரும்படி கேட்கலாம். ஒரு இறுதியாண்டு மாணவரின் ஆய்வுக்கே அது நல்ல தலைப்பு. தச்சரைத் தேடுவது இன்னும் கடினமாக இருக்கும். பனை பிளக்கவும் முளைப்பொருத்துப் போடவும் தெரிந்தவர்கள் வயதானவர்கள். அவர்களோடு இரண்டு இளையவர்களைச் சம்பளத்துக்கு வைப்பதை மதிப்பீட்டில் ஒரு செலவாகவே எழுத வேண்டும்.

அந்த மதிப்பீட்டில் நான் கடைசியாகப் பார்க்க விரும்பும் வரி நடுகைக்கானது. ஒரு மரத்துக்குப் பத்து விதை என்றால் 440 பனங்கொட்டை. காசு என்று பெரிதாக எதுவும் இல்லை. வேலிக்கும் ஆட்டுக்கும் காவலுக்கும்தான் செலவு. காய்க்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் போகும். கூரைக்கு உதவும் வைரம் ஏற இன்னும் நாற்பத்தைந்து வருடமாவது செல்லும். கைமரங்களை மாற்ற வேண்டிய காலம் வரும்போது மாற்றுமரம் பாடசாலை வளவிலோ பக்கத்துக் கோயில் காணியிலோ நிற்கும். எந்த வரிசை எந்த ஆண்டு நட்டது என்பதைப் பாடசாலைப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். நிதி தந்தவர்களின் பெயர்க்கல்லுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கல் வைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். ஐப்பசி மழைக்கு முன் கொட்டையைப் புதைக்க வேண்டும். கிழங்குக்குப் பாத்தி போடுவதுபோல நெருக்கிப் போடாமல் எட்டு, பத்து அடி இடைவெளி விட வேண்டும். தை மாதம் அவற்றைக் கிண்டிக் கிழங்கு எடுக்காமல் காப்பாற்றுவதுதான் பிள்ளைகளின் முதல் வேலை.